பதினாலு சொட்டு

எனக்கு வயசு எம்பத்தாறு. வளத்தது ஏழு பேரை. பேரு வெள்ளத்தாயி. மூணாம் வகுப்போட நின்னவ. எழுத்துக் கூட்டி மெதுவாத்தான் எழுதுவேன். அவசரம் இல்லை. செத்தவங்க எங்கயும் போயிற மாட்டாங்க.

ஓடுறாங்க.

புதன்கிழமை. காலை. ஐப்பசி மழை விட்டு மூடுபனி எறங்கியிருக்கு. மேல் லயத்துல இருந்து சனம் ஓடுது. தலையில மூட்டை. இடுப்புல பிள்ளை. ஏலச்செடியை மிதிச்சுக்கிட்டு ஓடுது. தட்டை ஒடியிற சத்தம். சடக். சடக். மத்த நாள்ல ஒரு தட்டை ஒடிஞ்சா கங்காணி ஏழு தலைமுறையை இழுத்து வைவார். இன்னைக்கு அவரே பாதை ஓரத்துல நிக்கிறார். ஓடுறதா நிக்கிறதான்னு தெரியாம நிக்கிறார்.

"கீழ எறங்காதீங்க! பாதையில விழுந்தா தூக்க ஆளில்லை!"

கத்துறது நான்.

"ஓடைத் தண்ணியைத் தொடாதே! ஏய், தொடாதே!"

யாரும் திரும்பலை. ஒருத்தன் மட்டும் திரும்புனான். முத்துப்பேச்சி புருசன். பொண்டாட்டியையும் மூணு பிள்ளையையும் லயத்துல விட்டுட்டுப் போறான்.

"நீ இருந்து எல்லாருக்கும் களிம்பு தடவு தாயி. ஒனக்குத்தான் அது கைவந்த சோலி."

சொல்லிட்டுச் சிரிச்சான். அப்புறம் பனிக்குள்ள போயிட்டான். அவனைப் பெறகு பாத்தது பாதையில. மூணு நாள் கழிச்சு. மொகம் மண்ணுல.

வந்தது காலரா. நாங்க அந்தப் பேரைச் சொல்ல மாட்டோம். பேதின்னு சொல்லுவோம்.

சுதந்திரம் வந்து ஏழெட்டு வருசம் இருக்கும். வருசம் சரியாத் தெரியலை. கிழமை தெரியும். போடிநாயக்கனூர்ல இருந்து முந்தலுக்கு வந்து, அங்கயிருந்து கழுதைப் பாதையில ஏறணும். அரைநாள் நடை. ஏலத்தோட்டம். மேல் லயம், கீழ் லயம்னு கூலிக்காரங்களுக்கு ரெண்டு வரிசை வீடு. ரெண்டுக்கும் ஒரே ஓடை. ஒரு மருந்துக் கொட்டாய். அதுல ஒரு கம்பவுண்டர். நான் ஆயா. பஞ்சு கத்தரிக்கிறது, பாட்டில் கழுவுறது, புண்ணைத் தொடைக்கிறது. எனக்கு அப்ப இருபத்தி மூணு வயசு.

மேல் லயத்து சுப்பன் கீழ இருக்கிற தேவாரம் ஊருக்குச் சாமி கும்புடப் போயிட்டு ஞாயித்துக்கிழமை வந்தான். வந்ததும் படுத்தான். அவன் துணியை ஓடையில அலசுனாங்க. செவ்வாக்கிழமை வெள்ளனச் செத்தான். பொதைச்சிட்டு வந்து எல்லாரும் அதே ஓடையில தலை முழுகுனோம். நானும் முழுகுனேன். அதான் வழக்கம். கீழ் லயத்துல அந்தத் தண்ணியைக் குடத்துல மோந்தாங்க.

அன்னைக்கே கம்பவுண்டர் மலை எறங்கிட்டார். "மருந்து வாங்கிட்டு வெரசா வர்றேன்"னார். மருந்து வாங்கப் போறவருக்கு ட்ரங்குப் பெட்டி எதுக்கு? நான் கேக்கலை. பெட்டியைக் கழுதை மேல கட்டிக் குடுத்ததே நான்தான்.

மேனேசர் லயத்துக்கு வரலை. பங்களா வாசல்ல நின்னு சொன்னார். காய் எடுக்கிற நேரம். கீழ தெரிய வேண்டாம். தெரிஞ்சா ஒரு ஆள் மலை ஏற மாட்டான்.

நான் கழுதைக்காரரைத் தனியாக் கூப்பிட்டேன். "அண்ணே, போடியில பெரிய ஆஸ்பத்திரியில சொல்லுங்க. பேதின்னு சொல்லாதீங்க. காலரான்னே சொல்லுங்க."

அவர் சொன்னார். அது ஒண்ணு நான் சரியாச் செஞ்சது. அடுத்ததை எழுதுறேன். அது தப்பு.

புதன் மத்தியானம் படுத்தவங்க அஞ்சு பேரு. லயத்துல படுக்க வெச்சா ஒழுகுது. தரை ஈரம். தொட்டா ஒடம்பு சில்லுன்னு இருக்கு. வெரல் நுனியெல்லாம் சுருங்கி, வெகு நேரம் துணி தொவைச்சவ கை மாதிரி. கண்ணு உள்ள போயிருச்சு. வெளிய போறது வெறும் தண்ணி. அரிசி கழுவுன தண்ணி மாதிரி. நிக்காமப் போகுது.

எனக்குத் தெரிஞ்ச மருந்து ஒண்ணு. ஈரமா? காயப் போடு.

ஏலத்தோட்டத்துல பொறந்தவளுக்கு அதான் தெரியும். பச்சைக் காயில ஈரம் நின்னா கெட்டுப் போகும். ஸ்டோர்ல காயப் போடணும். ஸ்டோருன்னா செங்கல் கட்டடம். சன்னல் கெடையாது. வெளிய அடுப்பு. விறகு எரிய எரிய, பெரிய தகரக் கொழாய் வழியா சூடு உள்ள வரும். கம்பி வலைத் தட்டு அடுக்கி அதுல காயைப் பரப்புவோம். ரெண்டு நாள்ல காய் கலகலன்னு ஆயிரும்.

மேனேசர்கிட்ட நான் கேக்கலை. கங்காணி இடுப்புல இருந்த சாவியைப் பிடுங்குனேன். தட்டுல இருந்த காயைத் தரையில கொட்டுனேன். அஞ்சு பேரையும் உள்ள கெடத்துனேன். அடுப்புல விறகு போடச் சொன்னேன். கதவைச் சாத்துனேன்.

சொல்லிட்டேன், யாரும் தண்ணி குடுக்கக் கூடாது. உள்ள போறது அப்படியே வெளிய வருது. குடுக்காட்டி நின்னு போகும். இது என் யோசனை. நான் சொன்னதைக் கேட்டு எல்லாரும் தலையாட்டுனாங்க. அதுக்கு முந்தி என் பேச்சை யாரு கேட்டா? எனக்குப் பெருமையா இருந்துச்சு. அதையும் எழுதிக்கிறேன். பெருமையா இருந்துச்சு.

சிவனாண்டி மாமா உள்ள படுத்திருந்தார். அறுவது வயசு. வாய் காஞ்சு நாக்கு ஒட்டிக்கிச்சு. அந்த நெலமையிலயும் அவருக்குக் கேலி.

"என்ன தாயி, எங்களையும் காயப் போட்டாச்சா?"

"சும்மா படுங்க மாமா."

"படுத்துக்கிறேன். நாளைக்கு சலிச்சு எடுக்கும்போது என்னை முதல் தரத்துல போடு. பொடிக்காயில சேத்துறாத."

உள்ள கெடந்த நாலு பேருல ஒருத்தி சிரிச்சா. கருப்பாயி. அவ பக்கத்துல அவ மகன்.

வியாழக்கிழமை காலையில சிவனாண்டி மாமா செத்தார். மத்தியானம் கருப்பாயி மகன். அவன் கடைசியா நாக்கால சுவரை நக்குனான். சுவர்ல வேர்வை மாதிரி ஈரம் பூத்திருந்துச்சு. நான் அவன் தலையைத் திருப்பி விட்டேன். நான்தான். என் கையாலதான்.

அதே வியாழன். என் தங்கச்சி பவுனு காய்க் கூடையோட வந்து ஸ்டோர் வாசல்ல ஒக்காந்தா. பதினேழு வயசு. தை மாசம் கலியாணம் பேசியிருந்துச்சு.

"அக்கா, எனக்கும் வருது."

உள்ள கூட்டிட்டுப் போனேன். அவளோட சேத்து ஒம்பது பேரு ஆச்சு. முத்துப்பேச்சியும் அதுல. புருசன் ஓடுனானே, அவ. அவ மூணு பிள்ளைங்களும் வாசல்ல. சின்னது பால்குடி.

"அக்கா, தண்ணி."

குடுக்கலை.

"அக்கா, ஒரு வாய்."

குடுக்கலை. அவ நல்லாகணும்னுதான் குடுக்கலை. தொண்டை வறண்டு அவ கூப்பிடுறது கிரீச்னு கேட்டுச்சு. துருப்பிடிச்ச கீல் மாதிரி. எனக்கு இப்பக் காது மந்தம். அது கேக்குது.

வெள்ளிக்கிழமை. உச்சி வெயிலுக்கு ஒரு நாழிகை இருக்கு. கழுதை மணிச் சத்தம். பாதையில ஒரு பொம்பளை வர்றா. வெள்ளைச் சேலை, முட்டு வரைக்கும் சேறு. கான்வாஸ் சூசு. மூக்குக் கண்ணாடி. முப்பத்தஞ்சு வயசு இருக்கும். பின்னால கழுதை மேல ரெண்டு பெட்டி.

ஞானம் நர்சு. போடியில இருந்து. டாக்டர் எங்கன்னு கங்காணி கேட்டார்.

"டாக்டர் வேற ஊர்ல இருக்கார். அங்கயும் இதே கதை. நான்தான் வந்திருக்கேன். போதாதா?"

கங்காணி ஒதுங்கி வழி விட்டார்.

"இங்க பெரியவ யாரு?"

ஒவ்வொருத்தரா பின்னால தள்ளி நின்னாங்க.

"சரி. ஓடாம நின்னது யாரு?"

எல்லாரும் என்னைப் பாத்தாங்க.

அவ ஸ்டோர் கதவைத் தெறந்தா. சூடு அவ மொகத்துல அடிச்சுச்சு. கண்ணாடியில ஆவி படிஞ்சுச்சு. கழட்டித் தொடைச்சா. மறுபடி போட்டா. மறுபடி படிஞ்சுச்சு.

"எத்தனை பேரை உள்ள வெச்ச?"

"ஒம்பது."

"எத்தனை பேரு செத்தாங்க?"

"நாலு."

"தண்ணி குடுத்தியா?"

"இல்லைங்கம்மா. குடுத்தாப் போகும்னு..."

அவ என்னை அடிச்சிருக்கலாம். அடிக்கலை. வெளிய பாத்துக் கத்துனா.

"அடுப்பை அணை! கதவைக் கழட்டு! தண்ணி கொதிக்க வை, கஞ்சி வடி, உப்பு கொண்டா! ஓடு!"

எல்லாரும் ஓடுனாங்க. நான் நின்னேன்.

"ஒடம்புல இருந்த தண்ணியெல்லாம் போயிருச்சுடி. போனதைத் திருப்பிக் குடுக்கணும். போகப் போகக் குடுக்கணும். அவ்வளவுதான் வைத்தியம். புரியுதா?"

புரிஞ்சுச்சு. அந்த நாலு பேரும் எதுல செத்தாங்கன்னும் புரிஞ்சுச்சு.

"அழணும்னா பெறகு அழு. இந்தக் கூடம் இனிமே ஒன் பொறுப்பு."

"நானா? நான்தானம்மா கொன்னது."

"ஆமா. அதனாலதான். இனி ஒருத்தருக்கும் நீ தண்ணி குடுக்க மறக்க மாட்ட."

இப்ப மேடையில பேசுறாங்க. டிவியில கேக்குறேன். நோய்க் காலத்துல தாதிமாருக்குத் தலைமை எப்படி இருக்கணும்னு. அன்பா இருக்கணுமாம். ஞானம் நர்சு அன்பா இருந்ததை நான் பாக்கலை. அவ செஞ்சதைச் சொல்றேன்.

காய் எடுக்குற பொம்பளைங்கள்ல ஆறு பேரைப் பொறுக்குனா. எந்தத் தெரு, என்ன சாதி, கேக்கலை. கையைக் காட்டச் சொன்னா. நடுங்காத கையா எடுத்துக்கிட்டா. கக்கூசு கழுவுற மாடத்தியை முதல்ல எடுத்தா. ஆளுக்கு ஒரு லோட்டா. படுத்தவன் தலைமாட்டுச் சுவர்ல கரிக்கோடு. ஒரு லோட்டா குடுத்தா ஒரு நேர்கோடு. ஒரு தரம் வெளிய போனா ஒரு படுக்கைக் கோடு. எழுத்து வேணாம், படிப்பு வேணாம். நேர்கோடு தோக்கக் கூடாது. அவ்வளவுதான் அவ சொல்லிக் குடுத்தது.

காலையில ஆள் கணக்கு எடுக்குற பெரட்டுக்குத் தட்டுற இரும்பு ஒண்ணு தொங்கும். காலையில ஒரு தடவைதான் அடிப்பாங்க. இப்ப மணிக்கு நாலு தடவை. அதை அடிக்கக் கங்காணியை நிப்பாட்டுனா.

"நீங்க இதை மட்டும் அடிங்கண்ணே. வேற எதையும் தொட்றாதீங்க."

ணங். எந்திரி. லோட்டா. கோடு. ணங். எந்திரி. லோட்டா. கோடு.

மாடத்தி கையில வாங்கிக் குடிக்க மாட்டேன்னு ரெண்டு ஆம்பளைங்க வாயை மூடிக்கிட்டாங்க. சாகக் கெடக்குறான், வாயை மூடிக்கிறான். மாடத்தி நர்சம்மாவைப் பாத்தா.

"மூக்கைப் பிடி. வாய் தானாத் தெறக்கும்."

தெறந்துச்சு. குடிச்சானுங்க. பொழைச்சானுங்க. பொழைச்ச பெறகு மாடத்தி வர்ற பாதையில எதுக்க வராம ஒதுங்கிப் போனானுங்க.

பெட்டியில வந்தது எட்டு பாட்டில். உப்புத் தண்ணி, நரம்புல ஏத்துறது. ரெண்டு பாதையிலயே ஒடைஞ்சுருச்சு. மீதி ஆறு. நர்சம்மா எங்க எல்லாரையும் கூப்பிட்டு வெச்சுச் சொன்னா.

"பாட்டில் யாருக்குன்னு நான் சொல்லுவேன். நீங்க யாரும் சொல்லக் கூடாது. பாவம் வந்தா எனக்கு வரட்டும். நீங்க தண்ணி குடுங்க."

அஞ்சு பாட்டில் மாட்டியாச்சு. ஒண்ணு மிச்சம். பவுனு ஒரு ஓரத்துல கெடக்கா. முத்துப்பேச்சி அவளுக்கு எதுத்தாப்புல. நர்சம்மா பவுனு வாயில ஒரு கரண்டி விட்டா. தொண்டை ஏறி எறங்குச்சு. முத்துப்பேச்சி வாயில விட்டா. கடைவாய் வழியா வழிஞ்சிருச்சு. ரெண்டு பேரு மணிக்கட்டையும் பிடிச்சுப் பாத்தா. பாட்டிலைத் தூக்கி முத்துப்பேச்சி தலைமாட்டு ஆணியில மாட்டுனா.

நான் அவ காலைப் பிடிச்சேன்.

"என் தங்கச்சிம்மா. கூடப் பொறந்தவம்மா."

"அவ முழுங்குறா. இவ முழுங்கலை."

"ஒங்களுக்குத் தங்கச்சி இருந்தா இப்படிச் செய்வீங்களா?"

அவ முத்துப்பேச்சி கையை நீட்டிப் பிடிச்சா. ஊசியை ஏத்துனா.

பவுனுக்குக் குடுக்கக் குடுக்க வாந்தி. அவ சுவர்ல படுக்கைக் கோடு முந்துது. வெயில் சாயும்போது அவளும் முழுங்கறதை நிப்பாட்டுனா. நான் ஆணியைப் பாத்தேன். பாட்டில்ல பாதி இருக்கு.

இதைத்தான் எழுத வந்தேன். மத்ததெல்லாம் ஊர்ல பலபேருக்குத் தெரியும். இது தெரியாது.

முத்துப்பேச்சி பக்கத்துல போய் ஒக்காந்தேன். ரப்பர்க் கொழாயை ரெண்டு வெரலால பிடிச்சேன். நசுக்குனேன். சொட்டு நின்னுச்சு. நின்ன சொட்டை எப்படி எண்ணுனன்னு கேக்கலாம். பக்கத்து ஆணியில இன்னொரு பாட்டில் ஓடிக்கிட்டிருந்துச்சு. அதுல விழுந்ததை எண்ணுனேன். ஊசியை உருவி பவுனுக்குக் குத்த எனக்குத் தெரியாது. தெரியாதுன்னு தெரிஞ்சும் விடலை. முத்துப்பேச்சி கண்ணைத் தெறந்து என்னைப் பாத்தா. பேச முடியலை அவளுக்கு. கொழாயைப் பாத்தா. என்னைப் பாத்தா. வாசல்ல அவ பால்குடி வீறிடுது.

பதினாலு.

ணங்.

"வெள்ளத்தாயி! கோடு நின்னு போச்சு! எந்திரி!" நர்சம்மா கொரல்.

வெரலை எடுத்தேன். சொட்டு விழுந்துச்சு. லோட்டாவை எடுத்தேன். என் வரிசையில எட்டுப் பேரு. முதல் ஆளுக்குக் குடுத்தேன். ரெண்டாவது ஆளுக்குக் குடுத்தேன். மூணாவது ஆள் தலையைத் தூக்கிப் பிடிச்சிருக்கும்போது மாடத்தி பவுனு மொகத்துல துணியைப் போட்டா. நான் பாத்தேன். நாலாவது ஆளுக்குக் குடுத்தேன். எட்டு பேருக்கும் குடுத்து முடிச்சேன். கோடு போட்டேன். பெறகுதான் போனேன்.

முத்துப்பேச்சி சனிக்கிழமை எந்திரிச்சு ஒக்காந்தா. கஞ்சி கேட்டா. என்னைப் பாத்தா மொகத்தைத் திருப்பலை. அதுதான் தாங்க முடியலை. ஆனா அவளுக்கு நீர் பிரியலை. ஒரு சொட்டுப் பிரியலை. நர்சம்மா அடிவயித்தைத் தொட்டுத் தொட்டுப் பாத்தா. ஞாயித்துக்கிழமை காலையில மொகம் வீங்கி, பேச்சு கொழறி, மத்தியானம் செத்துட்டா. சாகும்போது பால்குடி அவ மாரு மேல.

அந்தப் பாட்டிலும் போச்சு. பவுனும் போயிட்டா. முத்துப்பேச்சியும் போயிட்டா.

நோய் அடங்குன பெறகு நர்சம்மா மலை எறங்குறா. நான் முந்தல் வரைக்கும் பெட்டி தூக்கிட்டுப் போனேன். முந்தல் தெரிஞ்சப்பதான் கேட்டேன்.

"நர்சம்மா, பதினாலு சொட்டு கொறைஞ்சா ஆள் சாகுமா?"

நின்னா. என்னைப் பாத்தா. எதுக்குக் கேக்குறன்னு கேக்கலை. அவளுக்குத் தெரிஞ்சிருக்கும். ஊசி போடப் போற ஆள்கிட்ட வலிக்காதுன்னு சொல்லுவாங்களே, அந்தக் கொரல்ல சொன்னா.

"சாகாது."

பெட்டியை வாங்கிக்கிட்டா. பஸ்சு ஏறிப் போயிட்டா. அதுக்குப் பெறகு நான் பாக்கலை. அவ பாட்டிலை மாட்டுன ஆள் சரியான ஆள். இன்னைக்குக் கேட்டாலும் சொல்லுவேன். அதை நான் மன்னிக்கலை. அதையும் சொல்லுவேன்.

கம்பவுண்டர் பத்து நாள் கழிச்சு வந்தார். ஒரு ஊசிப் பெட்டியோட வந்தார். மிச்சம் இருந்தவங்களுக்கெல்லாம் ஊசி போட்டார். மேனேசர் அவருக்கு மாலை போட்டார். தோட்டத்தைக் காப்பாத்துன மகராசன்னார். மாடத்தி அந்த மாலைக்குப் பூக் கட்டுன நாரைக் கூட்டிப் பெருக்குனா.

ஸ்டோர் சுவர்ல நாங்க போட்ட கோடு எல்லாத்தையும் சுண்ணாம்பு அடிச்சு மறைச்சாங்க. ரெண்டு பூச்சு அடிச்சாங்க. கரி தெரிஞ்சதுன்னு மூணாவது பூச்சு. தட்டைக் கழுவி மறுபடி காயைப் பரப்புனாங்க. நல்ல பச்சை நெறம். வாசம். போடிக்கு எறங்குச்சு. ஏலத்துல போச்சு. எங்க எந்த வீட்டுப் பாயசத்துல போட்டாங்களோ. நான் இன்னை வரைக்கும் ஏலக்காயை வாயில வெக்கிறதில்லை.

இனி கணக்கு.

முதல்ல செத்தது சுப்பன். ஒண்ணு.

ஓடிப்போய்ப் பாதையில செத்தது மூணு பேரு. சுப்பன் பொண்டாட்டி. அவ தம்பி. முத்துப்பேச்சி புருசன்.

நர்சம்மா வர்றதுக்கு முந்தி என் கையில படுத்தது ஒம்பது. செத்தது நாலு. சிவனாண்டி மாமா. கருப்பாயி மகன் பாண்டி, ஒம்பது வயசு. கருப்பாயி. கீழ் லயத்து முத்தையா.

நர்சம்மா வந்த பெறகு கூடத்துல படுத்தது, அந்த அஞ்சு பேரையும் சேத்து, இருபத்தி மூணு. செத்தது நாலு. பவுனு. முத்துப்பேச்சி. பேரு தெரியாத ஒரு கெழவர், வேற தோட்டத்துல இருந்து தூக்கிட்டு வந்தாங்க. முத்தையா மக, மூணு வயசு.

மொத்தம் பன்னெண்டு. மேனேசர் மேல எழுதி அனுப்புனது அஞ்சுன்னு கேள்வி. அந்தக் காகிதத்தை நான் பாக்கலை. குழியை நான் பாத்தேன். பன்னெண்டு.

முத்துப்பேச்சி பிள்ளைங்க மூணு பேரையும் நான் எடுத்துக்கிட்டேன். யாரும் எடுக்கச் சொல்லலை. என் வயித்துல நாலு பொறந்துச்சு. ஏழையும் ஒரே சட்டியில சோறு போட்டு வளத்தேன். அந்தப் பால்குடி என் கையைப் பிடிச்சுத்தான் நடை பழகுனா. என்னைத்தான் ஆத்தான்னா. நான் வேணாம்னு சொல்லலை. சொல்லியிருக்கணும்.

கவிதா, அந்தப் பால்குடிதான் உன்னைப் பெத்தவ. முத்துப்பேச்சி உனக்குச் சொந்தப் பாட்டி. நான் இல்லை.

எனக்கு எழுத்து மங்குது. எழுதுனது சரியா இருக்கான்னு யாராவது படிக்க நான் கேக்கணும். மத்த பேரப் பிள்ளைங்க படிக்க வேணாம். நீ படி. சத்தமாப் படி. கொழாயை நசுக்குன எடம் வந்தா என்னைப் பாக்காதே. நிறுத்தாமப் படி.